தள்ளுபடிக் கணக்கு: எதில் இருபது சதவீதம்?

கேள்வி இது: "எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சதவீதம் போடத் தெரிகிறது. சமன்பாடு கொடுத்தால் தீர்க்கவும் தெரிகிறது. ஆனால் '20% தள்ளுபடி போக ஒரு சுடிதாரின் விலை 960 ரூபாய் என்றால் அதன் குறித்த விலை என்ன?' என்று கேட்டால், 960-ல் 20% கண்டுபிடித்துக் கூட்டி 1152 என்கிறாள். வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக எழுத எப்படிச் சொல்லித்தருவது?"

முதலில் உங்கள் மகள் செய்த தவறையே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் அதற்குள் அவளுக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது. விலை குறைந்திருக்கிறது, பழைய விலைக்குப் போகக் கூட்ட வேண்டும் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. 960-ல் 20% என்பது 192 என்று சரியாகவே போட்டிருக்கிறாள். தவறியது ஒரே இடத்தில்தான். கடைக்காரர் அந்த 20 சதவீதத்தை 960-ல் கணக்கிடவில்லை. சுடிதாரில் தொங்கிய அட்டையில் என்ன விலை போட்டிருந்ததோ அதில் கணக்கிட்டார். அந்த விலை நமக்குத் தெரியாது. தெரியாத எண்ணில் எப்படிச் சதவீதம் எடுப்பது என்று தயங்கும் பிள்ளையின் கை, கண்ணுக்குத் தெரிகிற ஒரே எண்ணான 960-ஐப் பிடித்துக்கொள்கிறது. நான் பாடம் நடத்திய வகுப்புகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் வழுக்கினார்கள்.

"தப்பு" என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவளையே கடைக்காரராக நிற்கச் சொல்லுங்கள். அட்டையில் 1152 என்று எழுதி, 20% தள்ளுபடி கொடுத்து, பில் போடட்டும். 1152-ல் 20% என்பது 230 ரூபாய் 40 காசு. கழித்தால் 921.60 வரும். 960 வரவில்லையே என்று அவளே நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வை வந்த பிறகுதான் சமன்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: எதில் 20%? கணக்கில் சதவீதம் எங்கே வந்தாலும் பேனாவை வைத்துவிட்டு இதைத்தான் கேட்க வேண்டும். 20 ரூபாய் என்றால் அது எங்கே போனாலும் 20 ரூபாய்தான். 20% அப்படி இல்லை. அது ஏதாவது ஒரு தொகையைச் சார்ந்தே இருக்கும். தள்ளுபடி என்றால் குறித்த விலையில். இலாபம் என்றால், வேறு எதுவும் சொல்லாதவரை, அடக்க விலையில், அதாவது கடைக்காரருக்குச் சரக்கு அடங்கிய விலையில். வரி என்றால் தள்ளுபடி போன பிறகு நிற்கும் தொகையில். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சமன்பாடு எழுதுவதில் பெரிய வேலை மிச்சம் இல்லை.

இப்போது 20% குறித்த விலையில் என்று தெரிந்துவிட்டது. குறித்த விலை தெரியாது. தெரியாத அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். பள்ளியில் எக்ஸ் என்று எழுதுவார்கள். இங்கே நான் விலை என்பதன் முதலெழுத்தான 'வி'யை வைத்துக்கொள்கிறேன். பெயர் வைத்தவுடனே சமன்பாட்டுக்குத் தாவ வேண்டாம். கடைப் பில்லை எழுதச் சொல்லுங்கள், மூன்றே வரி:

குறித்த விலை: வி
தள்ளுபடி: 0.2வி
கட்டிய தொகை: வி − 0.2வி

பில் முடிந்ததும் மறுபடி கணக்கைப் படிக்கட்டும். கட்டிய தொகை 960 என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆக, பில்லின் கடைசி வரியும் 960-ம் ஒன்றுதான்:

வி − 0.2வி = 960
0.8வி = 960
வி = 1200

1200-ல் 20% என்பது 240, கழித்தால் 960. பொருந்துகிறது. சமன்பாடு என்பது ஒரே தொகையை இரண்டு விதமாகச் சொல்வது. ஒன்று பில் வழியாக வந்தது, மற்றொன்று கணக்கிலேயே கொடுத்தது. இது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டால், 'சமக்குறிக்கு அந்தப் பக்கம் என்ன போடுவது' என்ற திணறல் போய்விடும்.

இந்தப் பில் முறையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கில் என்ன கொடுத்தாலும் பில் மாறாது. எந்த வரிக்கு எண் கிடைத்தது என்பது மட்டும்தான் மாறும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30% தள்ளுபடி கொடுப்பது பல வருட வழக்கம். அங்கே வாங்கிய ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். "30% போக 2450 ரூபாய் கொடுத்தேன்" என்று அம்மா சொன்னால் 0.7வி = 2450. "1050 ரூபாய் மிச்சம்" என்று சொன்னால் 0.3வி = 1050. இரண்டுக்கும் விடை 3500. "3500 ரூபாய்ச் சேலை 2450-க்குக் கிடைத்தது, எத்தனை சதவீதம் குறைத்தார்கள்?" என்று அக்கா கேட்டால், தெரியாதது விலை அல்ல, வீதம். அதற்கு 'த' என்று பெயர் வைத்தால் 3500 − 3500 × த/100 = 2450. அதாவது 35த = 1050, த = 30. மூன்றும் ஒரே பில்தான். பாடப்புத்தகத்தில் இவை மூன்று தனிக் கணக்குகளாக வரும்போது பிள்ளைகள் மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அதைத் தடுங்கள். "விற்ற விலையை 100 ஆல் பெருக்கி, 100-லிருந்து தள்ளுபடியைக் கழித்து வருவதால் வகு" என்ற சூத்திரம் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரலாம். கணக்கில் ஒரு கூப்பன் நுழைந்தாலே அது கைகொடுக்காது.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கணக்கு வாக்கியத்தில் வரும் சின்னச் சொற்களே குறிகள்தான். "விலையில் 20%" என்பதில் உள்ள 'இல்' பெருக்கல் குறி. "தள்ளுபடி போக" என்பதில் 'போக' கழித்தல் குறி. "வரியும் சேர்த்து" என்றால் கூட்டல். "ஆக", "என்றால்", "ஆனது" இருக்கும் இடத்தில் பெரும்பாலும் சமக்குறி விழும். இலங்கைப் பாடநூல்களில் தள்ளுபடியைக் கழிவு என்றே எழுதுகிறார்கள். பெயரிலேயே குறி இருக்கிறது. கணக்கை உரக்கப் படித்து, இந்தச் சொற்களுக்குக் கீழே பென்சிலால் குறியை எழுதச் சொல்லுங்கள். "குறித்த விலையில் 20% தள்ளுபடி போக 960 என்றால்" என்ற வரியின் கீழே குறிகளைப் போட்டதும் பாதிச் சமன்பாடு தானாக நின்றுவிடும்.

இரண்டு சொற்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். "20% தள்ளுபடியில் வாங்கினாள்" என்பதும் "20% விலைக்கு வாங்கினாள்" என்பதும் வேறு வேறு, முதலாவது 0.8வி, இரண்டாவது 0.2வி. அப்புறம், "வரை". ஆடி மாத விளம்பரங்களில் "50% வரை தள்ளுபடி" என்று பெரிதாக 50 போட்டு, 'வரை'யைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். அங்கே சமன்பாடே கிடையாது. கட்டப்போகும் தொகை 0.5வி-க்குக் குறையாது, வி-க்கு மேல் போகாது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அது சமனிலி. அந்த விளம்பரத்தைக் காட்டியே சமனிலி என்றால் என்ன என்று சொல்லித்தரலாம்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ச' என்று எழுதிவிட்டு "ச என்றால் சட்டை" என்று சொல்லும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. உடனே திருத்துங்கள். 'ச' என்பது சட்டை அல்ல. ஒரு சட்டையின் குறித்த விலை, ரூபாயில். அது ஒரு எண். சட்டை என்று நினைத்தால் 0.8ச என்பது முக்கால் சட்டைக்குக் கொஞ்சம் மேல் என்று ஆகிவிடும். ஒவ்வொரு கணக்கின் முதல் வரியும் "ஒரு சட்டையின் குறித்த விலை ரூ. ச என்க" என்று முழு வாக்கியமாக இருக்கட்டும். தேர்வில் இந்த வரியை விடுகிற பிள்ளைகள் கடைசியில் எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி. "20% தள்ளுபடி, அதன் மேல் இன்னும் 10%" என்று போட்டிருந்தால் முக்கால்வாசிப் பேர் 30% என்று நினைப்பார்கள். இங்கேயும் நம் பழைய கேள்விதான். எதில் 10%? முதல் தள்ளுபடி போன பிறகு நிற்கும் 0.8வி-யில். அதில் 10% போனால் 0.9 மிச்சம். ஆக, கட்டுவது 0.9 × 0.8வி = 0.72வி. மொத்தத் தள்ளுபடி 28%. 1440 ரூபாய் கட்டியிருந்தால் 0.72வி = 1440, குறித்த விலை 2000. 10% முதலில், 20% பிறகு என்று மாற்றினாலும் அதே 0.72தான் வரும், பெருக்கலுக்கு முன்பின் கிடையாது என்பதால்.

ஆனால் ரூபாயாகக் கழிக்கும் கூப்பன் நடுவில் வந்தால் வரிசை முக்கியம். 10% தள்ளுபடியும் 200 ரூபாய்க் கூப்பனும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி முதலில் என்றால் 0.9வி − 200. கூப்பன் முதலில் என்றால் 0.9(வி − 200), விரித்தால் 0.9வி − 180. எந்த விலையாக இருந்தாலும் முதல் வழியில் 20 ரூபாய் லாபம் நமக்கு. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று மகளிடம் கேளுங்கள். 200-ல் 10%, கூப்பனாகக் கழிந்துபோன பணத்துக்குத் தள்ளுபடி கிடைக்காமல் போன தொகை அது. அடைப்புக்குறி எதற்கு என்று புரியவைக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. அடைப்புக்குறியை மறந்தால் 20 ரூபாய் போகும் என்று பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் தள்ளுபடிதான். மூன்று பொருளின் விலை 3வி, கட்டுவது 2வி. மிச்சம் வி, அது 3வி-யில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33⅓%. பாதி என்று நினைப்பவர்கள் 'எதில்' என்று கேட்காதவர்கள்.

கடைக்காரர் பக்கமிருந்து வரும் கணக்குகளைப் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள், ஏனென்றால் அங்கே இரண்டு சதவீதம் இரண்டு வேறு தொகைகளில் வரும். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதப் பாடத்தில் இவை உண்டு. "ஒரு வியாபாரி அடக்க விலைக்கு மேல் 40% கூட்டிக் குறித்து, 25% தள்ளுபடி தருகிறார். இலாப சதவீதம் என்ன?" 40-லிருந்து 25 போனால் 15 என்று எழுதத்தான் மனம் வரும். 40% அடக்க விலையில், 25% குறித்த விலையில். வேறு வேறு தொகைகளின் சதவீதங்களைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. அடக்க விலை 'அ' என்றால் குறித்த விலை 1.4அ, விற்ற விலை 0.75 × 1.4அ = 1.05அ. இலாபம் வெறும் 5%. இதையே திருப்பிக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்: 20% தள்ளுபடியும் தர வேண்டும், 20% இலாபமும் வேண்டும், எவ்வளவு கூட்டிக் குறிப்பது? குறித்த விலை 'கு' என்று வைத்து, விற்ற விலையை இரண்டு பக்கமிருந்தும் எழுதினால் 0.8கு = 1.2அ, கு = 1.5அ. அடக்க விலைக்கு மேல் 50% கூட்டிக் குறிக்க வேண்டும். 600 ரூபாய்ச் சரக்குக்கு 900 என்று அட்டை, விற்பது 720-க்கு. இங்கே ரூபாய் எதுவும் கொடுக்காமலே விடை வருகிறது. எண் இல்லாவிட்டாலும் சமன்பாடு நிற்கும் என்பதைப் பிள்ளைகள் இந்தக் கணக்கில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள், அதனால் அவசரப்படாமல் நடத்துங்கள்.

தெரியாத விலை இரண்டு இருந்தால் பில்லையும் இரண்டு வரிசையாகப் போடலாம். சட்டைக்கு 10%, சேலைக்கு 30% தள்ளுபடி. குறித்த விலை இரண்டும் சேர்த்து 5000, கட்டியது 3900. சட்டை விலை ச, சேலை விலை சே என்றால்:

ச + சே = 5000
0.9ச + 0.7சே = 3900

சே = 5000 − ச என்று இரண்டாவதில் போட்டால் 0.9ச + 3500 − 0.7ச = 3900. ஆக 0.2ச = 400, சட்டை 2000, சேலை 3000. சரிபார்த்தால் 1800 + 2100 = 3900. இரண்டாவது சமன்பாட்டுக்குப் பதிலாக மிச்சமான தொகையை எழுதினாலும் சரிதான்: 0.1ச + 0.3சே = 1100. விடை மாறாது. இரண்டு வழியிலும் செய்யச் சொல்லுங்கள்.

நிபந்தனை வைத்த தள்ளுபடியும் தேர்வில் வரும். "நோட்டு ஒன்று 60 ரூபாய். பத்து வரை முழு விலை, அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் 15% தள்ளுபடி. 1110 ரூபாய்க்கு எத்தனை நோட்டு?" மொத்தம் 'ந' நோட்டு என்றால், தள்ளுபடி எல்லா நோட்டுக்கும் இல்லை, பத்துக்கு மேற்பட்ட (ந − 10) நோட்டுகளுக்குத்தான். 600 + 51(ந − 10) = 1110. ந = 20. 'அதற்கு மேல்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஒரு கழித்தல் அடைப்புக்குறிக்குள் போகும் என்று பழக்கினால் போதும்.

வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புத்தகக் கணக்கு என்றால் எளிது: 20% தள்ளுபடி, பிறகு 5% ஜிஎஸ்டி, மொத்தம் 1260 கட்டினார் என்றால் 1.05 × 0.8வி = 1260, அதாவது 0.84வி = 1260, வி = 1500. பில்லிலேயே காட்டிக் கொடுக்கும் தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் ஜிஎஸ்டி போட வேண்டும் என்பது சட்டம், ஆகவே வரி 'எதில்' என்பதில் சந்தேகம் இல்லை. எம்ஆர்பி என்று அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். "எம்ஆர்பியில் 20% தள்ளுபடி" என்று கணக்கில் வந்தால் 1.05 அங்கே வராது.

நிஜக் கடையில் இதைவிட சுவையான ஒன்று நடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிகளுக்கு, ஒரு உருப்படி 2500 ரூபாய் வரை என்றால் 5% ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 18%. வரி சேர்க்காத விலை 2800 உள்ள ஒரு உடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 10% தள்ளுபடி தந்தால் 2520. எல்லையைத் தாண்டியதால் 18% சேர்ந்து 2973.60. ஒரே ஒரு சதவீதம் கூட்டி 11% தந்தால் 2492. இப்போது 5% சேர்ந்து 2616.60. கடைக்காரர் விட்டுக்கொடுத்தது 28 ரூபாய், வாங்குபவருக்கு மிச்சம் 357 ரூபாய். தள்ளுபடி போன விலையை 'வி' என்று வைத்தால், வி 2500-க்குள் இருக்கும்போது மொத்தம் 1.05வி, தாண்டினால் 1.18வி. எது பொருந்தும் என்று தெரியாமல் சமன்பாடு எழுத முடியாது.

"அப்படி ஒரு உடுப்புக்கு வரியோடு 2800 கட்டினேன், வரிக்கு முந்தின விலை என்ன?" என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். 1.05வி = 2800 என்றால் வி சுமார் 2667; ஆனால் 5% வரி 2500-க்குள் இருந்தால்தான். 1.18வி = 2800 என்றால் வி சுமார் 2373; அதற்கோ 18% வராது. இரண்டு சமன்பாட்டுக்கும் விடை இருக்கிறது, கணக்குக்கு விடை இல்லை! அப்படி ஒரு பில் வரவே முடியாது. 2500-ல் மொத்தம் 2625, அதைத் தாண்டியவுடன் 2950-க்கு மேல் குதிக்கிறது. நடுவில் எந்தத் தொகையும் கிடையாது. விடை கிடைத்த பிறகும் அதைக் கணக்கில் வைத்துச் சரிபார்க்க ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உதாரணம் இது.

கடைசியாக ஒரு பயிற்சி. ஒரு வாரம் வாக்கியத்திலிருந்து சமன்பாடு எழுதியபின், திருப்பிக் கொடுங்கள். 0.9(வி − 200) = 1170 என்று மட்டும் எழுதி, இதற்கு ஒரு கடைக் கதை சொல்லச் சொல்லுங்கள். கூப்பனை முதலில் கழித்து, மிச்சத்தில் 10% தள்ளுபடி வாங்கி, 1170 கட்டியதாக அவள் கதை சொன்னால் போதும். விலை 1500 என்பதை அவள் கண்டுபிடிக்க நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்காது. கதையில் தள்ளுபடி முதலில் வந்துவிட்டால் பில் எழுதும் இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்விட்டு வாருங்கள்.